யாருடைய பிள்ளை நீ?: ஓர் இருமொழி ஐரிஷ் பாடகியின் ஆல்பம் உருவான விதம் (நிகழ்வு ஆய்வு)

இங்கே பதிவாகும் நிகழ்வு 2021 இலையுதிர்காலத்தில் தொடங்கி 2024 வசந்தத்தில் முடிந்தது. இடம் அயர்லாந்தின் மேற்குக் கரை, கால்வே நகரத்தில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக்கூடம். நான் அங்கே ஒலிப்பதிவாளனாக இருந்தேன். பாட்டு எழுதிப் பாடியவர், அவருடைய குடும்பத்தார், மொழி ஆலோசகர் ஆகிய எவருடைய பெயரையும் நான் தரவில்லை. இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்ந்து இரண்டிலும் எழுத முயல்கிறவர்களுக்கும், அவர்களோடு வேலை செய்கிறவர்களுக்கும் இந்த அனுபவம் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நாங்கள் செய்த தவறுகளும் இதில் அடக்கம்.

பின்னணி

பாடகி டப்ளினின் மேற்குப் புறநகரில் பிறந்து வளர்ந்தவர். வேலை தொடங்கியபோது வயது 33. கிடாரோடு நாட்டுப்புறப் பாணியில் ஆங்கிலத்தில் எழுதிய ஓர் ஆல்பம் ஏற்கெனவே வெளிவந்திருந்தது. அப்பா கால்வேக்கு மேற்கே ஐரிஷ் வழங்கும் கன்னிமாரா பகுதியில், கார்னாவை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 1970களில் கட்டட வேலைக்காகத் தலைநகருக்கு வந்தவர். அயர்லாந்தின் பழைய மொழியான ஐரிஷ்தான் அவருக்குத் தாய்மொழி. அம்மா டப்ளின்காரர், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர். வீட்டில் புழங்கியது ஆங்கிலம்.

கோடை விடுமுறைகளில் சில வாரங்கள் பாட்டியின் ஊருக்குப் போவது வழக்கம். பாட்டியும் அவருடைய தங்கையும் அடுப்பருகே உட்கார்ந்து ஐரிஷில் பேசிக்கொண்டிருப்பார்கள். பேத்தி உள்ளே நுழைந்ததும் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறிவிடும். "குழந்தைக்குப் புரியட்டுமே என்ற அன்பினால்தான் மாற்றினார்கள். எனக்கோ, நான் வந்ததும் கதவைச் சாத்திவிட்டதுபோல் இருக்கும்" என்று பாடகி முதல் வாரத்திலேயே என்னிடம் சொன்னார். அந்தச் சொற்களை நான் குறித்துவைத்தேன். ஆனால் அவற்றின் முக்கியத்துவம் எங்கள் இருவருக்குமே பல மாதங்களுக்குப் பிறகுதான் பிடிபட்டது.

அந்தக் கதவு ஒரு வீட்டுக் கதவு மட்டும் அன்று. 1845 முதல் 1852 வரை நீண்ட பெரும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கியது ஐரிஷ் பேசிய ஏழை மேற்கைத்தான். மொழி பற்றி முதன்முறையாகக் கேட்ட 1851 மக்கள்தொகைக் கணக்கில் ஐரிஷ் பேசியவர்கள் ஏறத்தாழ 15 லட்சம், அதாவது நாலில் ஒருவருக்கும் குறைவு. பாஸ்டனுக்கும் லண்டனுக்கும் போகப்போகிற பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர்கள் கணக்குப் போட்டார்கள். ஐரிஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, பேசிய ஒவ்வொரு முறைக்கும் அதில் ஒரு வெட்டு வெட்டி, மாலையில் வெட்டுகளை எண்ணி அடித்த பள்ளிக்கூடங்கள் இருந்தன.

விடுதலைக்குப் பிறகு நிலைமை தலைகீழானது, ஏட்டளவில். 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு ஐரிஷை முதல் ஆட்சிமொழி என்கிறது. பள்ளிகளில் அது கட்டாயப் பாடம். 2022 கணக்கெடுப்பில் சுமார் 18.7 லட்சம் பேர் தங்களுக்கு ஐரிஷ் தெரியும் என்றார்கள். ஆனால் கல்விக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 72,000 பேர்தான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பெரும் பள்ளத்தில்தான் எங்கள் பாடகி நின்றார். பதினான்கு ஆண்டுகள் பள்ளியில் படித்திருந்தார். படிக்கவும் எழுதவும் தெரியும். அப்பாவோடு அந்த மொழியில் ஒரு வாக்கியம் பேசியதில்லை.

ஓர் இருமொழி ஆல்பத்துக்கு அவர் மானியம் கேட்டிருந்தார், கிடைத்தது. பத்துப் பாட்டுகள், பதினெட்டு மாதங்கள். விண்ணப்பத்தில் "அடையாளம்" என்ற சொல் நிறைய இடங்களில் இருந்தது.

முதல் மூன்று பாட்டுகள் (2021 அக்டோபர் – 2022 ஏப்ரல்)

தொடக்கத்தில் பின்பற்றிய முறை எளிமையானது. பாடகி ஆங்கிலத்தில் ஒரு பாட்டை எழுதி முடிப்பார். பிறகு அகராதியின் துணையோடு அதன் பாதியை ஐரிஷுக்கு மாற்றுவார். இப்படி மூன்று பாட்டுகள் தயாராயின. மெட்டுகள் நன்றாக இருந்தன. குரலும் நன்றாக இருந்தது. ஐரிஷ் வரிகள் வந்ததும் பாட்டு நொண்டியது. எனக்குக் காதில் பட்டது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

இப்போது காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது ஓசை. ஆங்கிலப் பாட்டு வரியின் கடைசியில் வரும் இயைபைப் பற்றிக்கொண்டு நடக்கிறது. ஐரிஷின் மரபான பாட்டு யாப்பு அப்படியில்லை. வரிக்குள்ளே அழுத்தம் விழும் அசைகளில் ஒரே உயிரொலி திரும்பத் திரும்ப வரவேண்டும், மெய்யொலிகள் வேறுபடலாம். எதுகை எங்கே விழவேண்டும் என்று காது பழகியவர்களுக்கு இந்த வேறுபாட்டின் கனம் புரியும். வரிக் கடைசியில் மட்டும் இயைபு வைத்த ஐரிஷ் வரி, கேட்டுப் பழகிய காதுக்கு உரைநடையாகத்தான் விழும்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. முதல் பாட்டின் பல்லவி முழுவதும் "நான் இது, நான் அது" என்ற ஆங்கில வாக்கியத்தின் மேல் கட்டியது. நான் தனிமை, நான் துயரம், நான் இரண்டு ஊர் என்று போகும். ஐரிஷில் துயரம் ஒருவர் ஆவதில்லை. அது ஒருவர்மேல் வந்து உட்கார்கிறது. "துயரம் என்மேல் இருக்கிறது" என்பதுதான் இயல்பான பேச்சு. பசியும் பயமும் வெட்கமும் அப்படியே. மொழி தெரியும் என்பதைக்கூட "என்னிடம் ஐரிஷ் இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். "எனக்குப் பசிக்கிறது", "எனக்குத் தமிழ் தெரியும்" என்று பேசி வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருந்திருக்கக் கூடாது. இருந்தும் ஆறு மாதம் அந்தப் பல்லவியைக் கவனிக்காமல் பதிவுசெய்துகொண்டிருந்தேன். இது என்னுடைய குறை என்றே எண்ணுகிறேன். மைக்கின் இடத்தைப் பற்றி மணிக்கணக்கில் யோசித்தேன், சொல்லைப் பற்றி யோசிக்கவில்லை.

கார்னாவில் ஓர் இரவு (2022 மே)

புதிய பாட்டுகளை மொழி வழங்கும் ஊரிலேயே பாடிப் பார்க்கலாம் என்று பாடகி விரும்பினார். கார்னா வட்டாரம் ஷான்-நோஸ் பாட்டுக்குப் பேர்போனது. பக்கவாத்தியம் இல்லாமல், ஒரே குரல், சொல்லின் போக்கில் காலத்தை நீட்டியும் குறுக்கியும், கமகம் போன்ற நுண்ணிய நெளிவுகளோடு பாடும் "பழைய முறை" அது. 20ஆம் நூற்றாண்டின் பெரும் ஷான்-நோஸ் பாடகர்களில் ஒருவரான ஜோ ஹீனி 1919இல் பிறந்தது அங்கேதான். அந்த ஊரில் போய்ப் பாடுவது சின்ன விஷயமில்லை.

மதுக்கடையின் பின்னறையில் இருபது பேர் போல இருந்தோம். அங்கே பாடச் சொல்லும்போது "அபெர் ஔரான்" என்கிறார்கள். நேரான பொருள், "ஒரு பாட்டுச் சொல்". பாடு என்று ஏவுவதில்லை. நம் பக்கத்திலும் பாட்டைச் "சொல்லிக்கொடுக்கிறோம்" என்பதால் அந்தச் சொல் எனக்கு உடனே ஒட்டிக்கொண்டது. உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் பாடியபோது, பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பற்றிக்கொண்டு பாட்டின் போக்குக்கு ஏற்ப மெல்லச் சுழற்றினார். வரிகளின் இடையே "சபாஷ்" என்பதுபோலக் குரல்கள் எழுந்தன. முடிவில் கடைசிச் சொற்களை அவர் பாடவில்லை. பேச்சுக் குரலில் சொல்லி நிறுத்தினார். அது அங்கே நெடுநாள் வழக்கம்.

பிறகு எங்கள் பாடகி தன் பாட்டைப் பாடினார். எல்லோரும் மரியாதையோடு கேட்டார்கள். ஒரு குரலும் எழவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த முதிய பெண் ஒருவர் குனிந்து, "கே லெஷ் ஹூ?" என்று கேட்டார். யாருடைய பிள்ளை நீ? யாரைச் சேர்ந்தவள்? என்பது பொருள். பாடகி தன் பெயரையும் குடும்பப் பெயரையும் சொன்னார், டப்ளின் என்றார். மூதாட்டி தலையசைத்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டார். அந்தப் பக்கங்களில் ஒரே குடும்பப் பெயர் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும். தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று கோத்துச் சொன்னால்தான் ஆள் யாரென்று விளங்கும். மூன்றாம் முறை பாடகி அப்பாவின் பெயரைச் சொன்னார். அப்பாவின் அம்மா பெயரையும் சேர்த்தார். மூதாட்டியின் முகம் மாறியது. "ஓ, அவளுடைய பேத்தியா! அவள் நல்ல பாட்டுக்காரி. அவளுடைய பாட்டு ஒன்று சொல்லேன்."

பாடகியிடம் பாட்டியின் பாட்டு ஒன்றும் இல்லை. பாட்டி பாடுவார் என்பதே அன்றுதான் தெரிந்தது.

திரும்பும் வழியில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. கால்வே வந்து இறங்கியபோது, "மூன்று பாட்டுகளையும் எடுத்துவிடலாம்" என்றார்.

எடுத்த முடிவுகள்

மூன்றையும் கைவிடுவது எளிதாக இருக்கவில்லை. ஏழு மாத வேலை. மானியத்தின் காலக்கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஐரிஷ் வரிகளை மட்டும் திருத்தி ஒட்டலாம் என்று நான் வாதாடினேன். பாடகி மறுத்தார். அவர் சொன்னது சரி என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். பிழை வரிகளில் இருக்கவில்லை, எழுதத் தொடங்கிய இடத்தில் இருந்தது. மானியம் தந்தவர்களுக்கு நிலைமையை விளக்கிக் கடிதம் எழுதி, பத்துப் பாட்டுகளை ஏழாகக் குறைக்க ஒப்புதல் பெற்றோம்.

அடுத்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு பாட்டிலும் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று முதலில் கேட்பது. வாழ்க்கையில் அந்த இருவர் எந்த மொழியில் பேசினார்களோ அந்த மொழியே பாட்டிலும். பாட்டியும் தங்கையும் பேசினால் ஐரிஷ். பாட்டி பேத்தியிடம் பேசினால் ஆங்கிலம், அது வலித்தாலும். அப்பா மகளிடம் ஆங்கிலம். அப்பா தனக்குத்தானே என்றால்? அதற்கு அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டு மொழி வரிகள் மாறிமாறி வரும் பாட்டுகள் அயர்லாந்தில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து உண்டு. மணிப்பிரவாளம் அறிந்த நமக்கு அதைப் புரியவைக்க வேண்டியதில்லை. அந்தப் பழைய பாட்டுகளில் மொழி மாறும் இடம் பெரும்பாலும் ஒரு காரணத்தோடு மாறுகிறது. ஒரு மொழிக்காரருக்கு மறைக்கவேண்டியதை மற்ற மொழியில் சொல்வது அவற்றில் ஒன்று. நாங்கள் முதலில் எழுதிய பாட்டுகளில் மொழி மாறியதற்கு ஒரே காரணம் விண்ணப்பத்தில் "இருமொழி" என்று எழுதியிருந்ததுதான்.

பிறகு மொழி ஆலோசகர். முதலில் பார்த்துக்கொடுத்தவர் டப்ளினில் மொழியைக் கற்பிப்பவர். 1958இல் வகுக்கப்பட்ட அதிகாரபூர்வத் தர வழக்கில் திருத்துவார். அதில் பிழையில்லை, ஆனால் பாட்டியின் பேச்சு அதில் இல்லை. அதனால் பாட்டியின் ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையை அணுகினோம். இங்கே ஒரு கருத்து வேறுபாடு வந்தது. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த பகுதியும் இதுவே. ஆசிரியை எல்லா உச்சரிப்பையும் திருத்த விரும்பினார். பாடகியோ, "நான் டப்ளின்காரி. என் வாயில் கன்னிமாரா ஒலித்தால் அது நடிப்பு" என்றார். பல நாள் பேசி, இப்படிப் பிரித்துக்கொண்டார்கள்: பொருளை மாற்றும் ஒலிகளைத் திருத்துவது, மற்றவற்றைப் பாடகியின் போக்கில் விடுவது, பாட்டியின் குரலில் வரும் வரிகளை மட்டும் ஊர் வழக்கிலேயே பாடுவது.

பொருளை மாற்றும் ஒலி என்றால் எப்படி? ஐரிஷில் ஏறத்தாழ ஒவ்வொரு மெய்க்கும் இரண்டு வடிவங்கள். நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்துக்கு உயர்த்தி, யகரச் சாயலோடு சொல்வது ஒன்று. உயர்த்தாமல் அகலமாகச் சொல்வது மற்றொன்று. அகலமாக "போ" என்றால் பசு. யகரச் சாயலோடு "ப்யோ" என்றால் உயிரோடு. "நான் உயிரோடு இருக்கும்வரை" என்ற வரியைப் பள்ளிக்கூட உச்சரிப்பில் பாடினால் நான் பசுவாக இருக்கும்வரை என்றாகிவிடும். இந்த ஓர் ஒலிக்காக இரண்டு நாள் உழைத்தார் பாடகி.

சமையலறை மேசையில் (2022 ஆகஸ்ட்)

பாட்டியின் பாட்டு யாருக்காவது நினைவிருக்கிறதா என்று பாடகி அப்பாவிடம் கேட்கப் போனார். நானும் பதிவுக் கருவியோடு கூடப் போனேன். அப்பா முதலில் கருவியை அணைக்கச் சொன்னார், அணைத்தேன். அதனால் அங்கே நடந்ததை நினைவிலிருந்தே எழுதுகிறேன்.

மகள் ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா ஆங்கிலத்தில், நினைவில்லை என்றார். தேநீர் வந்தது. மகள் தான் எழுதிவைத்திருந்த ஒரு வரியை, "உயிரோடு இருக்கும்வரை" என்பதை, தயக்கத்தோடு படித்துக் காட்டினார். அப்பா தலையைத் தூக்காமலேயே "ப்யோ" என்று திருத்தினார். மகள் மறுபடி சொன்னார். அவர் மறுபடி திருத்தினார். ஐந்தாறு முறை இப்படி நடந்தது. பிறகு ஏன் அந்தச் சொல் அப்படி ஒலிக்கிறது என்று அவர் விளக்கத் தொடங்கினார், ஐரிஷில். மகள் ஐரிஷில் பதில் சொன்னார். முப்பத்து நான்கு ஆண்டுகளில் அவர்களுக்கிடையே நடந்த முதல் ஐரிஷ் உரையாடல் ஒரு மெய்யொலியைப் பற்றியது.

ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று மகள் கேட்கவில்லை. அப்பாவே சொன்னார். டப்ளினுக்கு வந்த முதல் ஆண்டுகளில் பஸ்ஸில் அண்ணனோடு தாய்மொழியில் பேசினால் சுற்றி இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பட்டிக்காட்டான் என்று காதில் விழும். பிள்ளைகளுக்கு அந்தப் பார்வை வேண்டாம் என்று நினைத்தாராம். அவ்வளவுதான் சொன்னார்.

மேசையை விட்டு எழும் நேரத்தில் பாட்டியின் பாட்டிலிருந்து இரண்டு கண்ணிகளைச் சொன்னார். பாடவில்லை, சொன்னார். மூன்றாவது ஒன்று உண்டு, அது வரவில்லை என்றார். இரண்டு வாரம் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, மெட்டை முணுமுணுத்துப் பதிவுசெய்ய அனுமதித்தார்.

மூன்றாம் கண்ணியைப் பாடகியே எழுதிச் சேர்க்கலாமா என்று யோசித்தோம். ஆசிரியையிடம் கேட்டபோது, "இரண்டு இருந்தால் இரண்டைச் சொல்" என்றார். அப்படியே செய்தோம்.

பதிவும் வெளியீடும் (2022 அக்டோபர் – 2023 அக்டோபர்)

ஏழு பாட்டுகளில் இரண்டு முழு ஐரிஷ், இரண்டு முழு ஆங்கிலம், மற்ற மூன்றும் இரண்டு மொழியும் கலந்தவை. பாட்டியின் பாட்டைப் பக்கவாத்தியம் இல்லாமல் ஒரே மூச்சுப் பதிவாக எடுத்தோம். கடைசிச் சொற்களைப் பாடகி பேச்சுக் குரலில் சொல்லி முடிக்கிறார். வேறு ஒரு பாட்டில் "நான் ஒரு பாடகி" என்று சொல்ல வேண்டிய இடம். நிலையாக என்ன என்று சொல்ல ஐரிஷில் ஒரு வாக்கிய முறை. இப்போது என்னவாக இருக்கிறேன் என்று சொல்ல "என் பாடகிக்குள் இருக்கிறேன்" என்பதுபோல் வரும் இன்னொரு முறை. பாடகி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். விண்ணப்பத்தில் இருந்த "அடையாளம்" என்ற சொல் ஆல்பத்தின் எந்தப் பாட்டிலும் வரவில்லை.

உடன் வந்த கையேட்டில் ஐரிஷ் வரிகளுக்கு வரிக்கு வரி மொழிபெயர்ப்பு தரவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆங்கிலத்தில் நாலைந்து வாக்கியங்களில் சாரம் மட்டும் தந்தோம். வரிக்கு வரி தந்தால் கண் ஆங்கிலப் பக்கத்திலேயே நின்றுவிடும் என்பது பாடகியின் எண்ணம்.

ஐரிஷ் வழங்கும் ஊர்களில் நல்ல வரவேற்பு இருந்தது. நாங்கள் எதிர்பாராதது, அங்கே அதிகம் பேசப்பட்டவை அப்பாவைப் பற்றிய ஆங்கிலப் பாட்டுகள் என்பது. தங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று பலர் சொன்னார்கள். ஆங்கில விமர்சனங்கள் ஐரிஷ் பகுதிகளை "மர்மமான அழகு" என்ற தொனியில் புகழ்ந்தன. பாடகிக்கு அது வருத்தம் தந்தது. அடுப்பருகே இரண்டு கிழவிகள் உருளைக்கிழங்கு விலை பேசும் வரிகளில் மர்மம் எங்கே வந்தது? கலந்த மொழிப் பாட்டுகள் வானொலியில் குறைவாகவே ஒலித்தன. ஆங்கிலப் பட்டியலுக்கும் ஐரிஷ் பட்டியலுக்கும் நடுவில் விழுந்தன.

இப்போது செய்தால் எதை மாற்றுவேன்

மொழி ஆலோசகரை முதல் நாளிலேயே, சரியான ஊரிலிருந்து அழைத்திருப்பேன். கையேட்டில் முழு மொழிபெயர்ப்பு தந்திருப்பேன்; இதில் பாடகிக்கும் எனக்கும் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பொருள் தெரியாதவர்கள் கற்பனையால் இட்டு நிரப்பினார்கள், மர்மம் அங்கிருந்துதான் வந்தது என்பது என் எண்ணம்.

பெரிய தவறு வேறொன்று. அப்பாவுக்கு ஓர் அண்ணன் உண்டு. 1980களில் பாஸ்டனுக்குப் போனவர். அங்கே கன்னிமாராக்காரர்கள் கூடி வாழும் பகுதியில் இருக்கிறார். பாட்டியின் பாட்டைப் பதிவுசெய்யுமுன் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அப்பா ஒப்புக்கொண்டார், அது போதும் என்று நினைத்துவிட்டோம். மரபுப் பாட்டுக்குச் சட்டப்படி உரிமையாளர் இல்லை என்று நான் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் அந்தப் பாட்டு, சிறுவயதில் இறந்துபோன அவர்களுடைய தங்கை ஒருத்தியின் நினைவுநாளில் மட்டும் பாட்டி சொல்வது. அவள் இறந்தபோது அப்பாவுக்கு மூன்று வயது. அவருக்கு அது தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். ஆல்பம் வெளிவந்த அடுத்த மாதம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கோபம் இல்லை. தனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று மட்டும் எழுதியிருந்தார்.

பாடகி 2024 பிப்ரவரியில் அவரோடு தொலைபேசியில் பேசினார், ஐரிஷில். மன்னிப்புக் கேட்டார். ஆல்பத்திலிருந்து அந்தப் பாட்டை எடுத்துவிடவும் தயாராக இருந்தார். வேண்டாம், இருக்கட்டும் என்றார் பெரியப்பா. அவருக்கு மூன்றாம் கண்ணியும் நினைவிருந்தது. அதைச் சொன்னார், இதைப் பதிவுசெய்யக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அந்தத் தங்கையின் பெயர் வருவது அந்தக் கண்ணியில்தான்.

ஏப்ரலில் பாடகியும் அப்பாவும் கார்னாப் பக்கம் உள்ள குடும்ப வீட்டுக்குப் போயிருந்தார்கள். அங்கே மூன்று கண்ணிகளையும் சொன்னதாகப் பாடகி என்னிடம் தெரிவித்தார். மேடையில் இப்போதும் இரண்டைத்தான் பாடுகிறார்.